ஈவ்லின் ப்ரீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பினத்தவர் தாங்களே பணம் திரட்டி, தாங்களே எழுதி இயக்கிப் படம் எடுக்கத் தொடங்கிய காலத்தின் முதல் பெரிய கதாநாயகி ஈவ்லின் ப்ரீர். திரைப்படச் சங்கம் நடத்துபவர்களும் சினிமா வரலாறு படிப்பவர்களும் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

யார் இவர்?

1896 ஜூலை 26 அன்று மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். பிறந்த பெயர் ஈவ்லின் ஜார்விஸ். ‘ப்ரீர்’ முதல் திருமணத்தில் வந்தது. தந்தை இறந்த பின் தாயோடு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். தாய் ஆழ்ந்த பக்தி கொண்டவர். அவர் சார்ந்த சபைக்குக் கட்டடம் எழுப்பப் பணம் திரட்டுவதற்காக இளம் ஈவ்லின் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்திருக்கிறார். பயிற்சிப் பள்ளி எதற்கும் போகாத ஒருவர் கூட்டத்தைக் கண்ணால் பிடித்து நிறுத்தும் வித்தையை எங்கே கற்றார் என்று கேட்பவர்களுக்கு அந்தத் தெருமுனையைத்தான் காட்ட வேண்டும்.

1919இல் முதல் படம், 1932இல் மரணம். இடையில் இருந்தது பதின்மூன்றே ஆண்டுகள். அதற்குள் மௌனப் படம், நாடக மேடை, இசைத்தட்டு, பேசும் படம் என நான்கிலும் வேலை செய்துவிட்டார். கறுப்பினப் பத்திரிகைகளும் ரசிகர்களும் அவரைத் ‘திரையின் முதல் சீமாட்டி’ என்று கொண்டாடினார்கள்.

‘ரேஸ் படம்’ என்கிறார்களே, அது என்ன?

கறுப்பினப் பார்வையாளர்களுக்காக, கறுப்பின நடிகர்களை வைத்து, ஹாலிவுட்டுக்கு வெளியே எடுத்த படங்களுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். ‘இனம்’ என்று பொருள்படும் ‘ரேஸ்’ என்ற சொல்லைக் கறுப்பினப் பத்திரிகைகள் பெருமையோடுதான் பயன்படுத்தின. ஓட்டப் பந்தயம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. 1915 முதல் 1950 வரை ஐந்நூறுக்கும் மேல் எடுத்தார்கள். இன்று கையில் இருப்பவை நூறுக்கும் குறைவு.

தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனி அரங்குகள் இருந்தன. அது இல்லாத ஊர்களில் வெள்ளையர் அரங்கின் மேல்மாடத்தில் உட்கார்ந்தோ, கடைசிக் காட்சி முடிந்தபின் நள்ளிரவில் போடும் தனிக் காட்சியிலோ பார்க்க வேண்டும். படம் ஓடக்கூடிய அரங்குகளின் எண்ணிக்கையே இவ்வளவுதான் என்பதால் வசூலுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. தயாரிப்புச் செலவு, நடிகர் சம்பளம், போடும் பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் அந்த வரம்புக்குள்தான் அடங்கின.

ஆஸ்கர் மிஷோ படங்களில் நடிப்பது எப்படிப்பட்ட வேலை?

கறுப்பின இயக்குநர் மிஷோ ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளராக இருந்து, தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்து, நாவல் எழுதி, பிறகு படத்துறைக்கு வந்தவர். அவருடைய நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி முன்வந்தது. இயக்கம் தன் கையில்தான் இருக்க வேண்டும் என்று மிஷோ பிடிவாதம் பிடித்ததால் பேச்சு முறிந்தது. உடனே சொந்த நிறுவனம் தொடங்கி, சூ சிட்டி வட்டாரத்து விவசாயிகளிடம் 75 முதல் 100 டாலர் வரை விலை வைத்துப் பங்குகளை விற்றார். அப்படி உருவானது ‘தி ஹோம்ஸ்டெடர்’ (1919). எட்டு ரீல் நீளமுள்ள அந்தப் படத்தில் ஆர்லியன் என்ற மனைவி வேடம் ப்ரீருக்கு. தந்தைக்கும் கணவனுக்கும் நடுவே நசுங்கி மனம் பேதலிக்கும் பெண். முதல் படத்துக்குச் சாதாரண வேடம் இல்லை.

மிஷோவிடம் பணம் எப்போதும் இழுபறிதான். காட்சிகளை யாருடைய வீட்டிலாவது எடுப்பார். உடையும் பொருட்களும் இரவல். பிலிம் வீணாகக் கூடாது என்பதால் மறு டேக் அநேகமாகக் கிடையாது. ஒரு நடிகைக்கு இதன் பொருள் ஒன்றுதான்: ஒத்திகையிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும், முதல் டேக்கே கடைசி டேக். பக்கத்தில் நிற்பவர் தடுமாறினாலும் இவர் தடுமாறக் கூடாது. மிஷோ படங்களில் சில நடிகர்கள் மரம்போல நிற்க, ப்ரீர் மட்டும் இயல்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த படத்தின் நடிகர்களை உடையோடு நிற்கவைத்து எடுத்த புகைப்படங்களை மிஷோ ஊர் ஊராக எடுத்துப் போய் அரங்கு முதலாளிகளிடம் காட்டி முன்பணம் வாங்குவார். அதனால் ப்ரீரின் முகம் படம் ஓடும்போது மட்டும் வேலை செய்யவில்லை. படம் எடுக்கப் பணம் கொண்டுவந்ததும் அந்த முகம்தான்.

அவர் நடித்த மிஷோ படங்கள் எவை? எதை இன்று பார்க்கலாம்?

‘தி ஹோம்ஸ்டெடர்’ (1919), ‘வித்தின் அவர் கேட்ஸ்’ (1920), ‘தி ப்ரூட்’ (1920), ‘தி கன்சாலஸ் மிஸ்ட்ரி’ (1921), ‘டிசீட்’ (1923), ‘பர்த்ரைட்’ (1924), ‘தி டெவில்ஸ் டிசைப்பிள்’ (1926), ‘தி கான்ஜர் வுமன்’ (1926), அதையொட்டி வந்த ‘தி ஸ்பைடர்ஸ் வெப்’.

பார்க்கக் கிடைப்பது ‘வித்தின் அவர் கேட்ஸ்’ ஒன்று மட்டுமே. ‘நம் வாயில்களுக்கு உள்ளே’ என்று பொருள். அவர் நடிப்பைப் பற்றி யார் எதை எழுதினாலும், திரையில் கண்ட சான்று என்ற வகையில் மௌனப் படக் காலத்துக்கு இந்த ஒன்றுதான் ஆதாரம். மற்றவை பற்றிய விவரமெல்லாம் விளம்பரம், விமர்சனம், தணிக்கைக் கோப்பு, நிழற்படம் வழியாக வருபவை. எழுதும்போது இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. ‘தி ப்ரூட்’டில் அவர் அற்புதமாக நடித்தார் என்று இன்று யாரும் எழுத முடியாது. அப்படிப் பத்திரிகைகள் பாராட்டின என்றுதான் எழுதலாம்.

மற்ற படங்கள் ஏன் அழிந்தன?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, பிரதிகள் குறைவு. பெரிய ஸ்டூடியோ ஒரு படத்துக்குப் போடும் பிரதிகளில் சிறு பங்கைத்தான் மிஷோவால் போட முடிந்தது. இருந்தவையும் ஊர் ஊராக ஓடிக் கீறலும் ஒட்டுமாகத் தேய்ந்தன.

இரண்டாவது, நைட்ரேட் பிலிம். அது தானாகவே சிதைந்து அமிலப் புகையை விடும். அந்தப் புகை பக்கத்துச் சுருளையும் அரிக்கும். பிம்பம் பழுப்பாக மங்கும், பிறகு சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும், நுரைபோல உப்பும், கடைசியில் பழுப்புத் தூளாகும். எளிதில் தீப்பிடிப்பதால் வீட்டிலோ கடையிலோ வைத்திருக்கவும் பயப்பட்டார்கள்.

மூன்றாவதுதான் மனத்தை அறுப்பது: இவற்றைக் காப்பாற்ற வேண்டியவை என்று அன்றைய ஆவணக் காப்பகம் எதுவும் நினைக்கவில்லை.

‘வித்தின் அவர் கேட்ஸ்’ கதை என்ன? அவர் நடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

சில்வியா லாண்ட்ரி ஓர் ஆசிரியை. தெற்கில் பைனி உட்ஸ் என்ற ஊரில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளி மூடும் நிலைக்கு வருகிறது. ஒரு கறுப்பினக் குழந்தையின் படிப்புக்கு மாநிலம் ஓர் ஆண்டுக்குத் தருவது 1.49 டாலர் என்று எழுத்தட்டை (காட்சிகளுக்கு நடுவே வசனமும் விளக்கமும் காட்டும் அட்டை) சொல்கிறது. தேவை 5,000 டாலர். பணம் திரட்ட சில்வியா பாஸ்டன் போகிறாள், கார் மோதி மருத்துவமனையில் சேர்கிறாள், அந்தக் காருக்குச் சொந்தக்காரியான செல்வந்தப் பெண் கடைசியில் 50,000 டாலர் தருகிறார். கடைசிப் பகுதியில் சில்வியாவின் இறந்தகாலம் விரிகிறது.

அங்கேதான் படத்தின் மையம். சில்வியாவை வளர்த்தவர் ஜாஸ்பர் லாண்ட்ரி, குத்தகை விவசாயி. படித்த சில்வியா கணக்குப் போட்டுக் கொடுத்த துணிச்சலில், தனக்கு வரவேண்டியதைக் கேட்க நிலக்கிழாரிடம் போகிறார். ஜன்னல் வழியாக வேறொரு வெள்ளையன் நிலக்கிழாரைச் சுட, பழி லாண்ட்ரி மேல் விழுகிறது. கும்பல் லாண்ட்ரியையும் மனைவியையும் தூக்கிலிட்டு எரிக்கிறது. அதே நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிய சில்வியாவை, கொலையுண்டவனின் சகோதரன் ஆர்மண்ட் வன்புணர முயல்கிறான். மார்பில் உள்ள தழும்பைக் கண்டதும் அவள் தன் மகள் என்று தெரிந்து உறைகிறான்.

மிஷோ இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார்: வெளியே கயிறும் தீயும், உள்ளே பூட்டிய அறையும். 1915இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’, வெள்ளைப் பெண்ணைக் கறுப்பின ஆண் துரத்துவதாகக் காட்டி இதே வெட்டு உத்தியால் பார்வையாளரை வெறியேற்றியது. மிஷோ அந்த உத்தியையே எடுத்து, தெற்கில் உண்மையில் யார் யாரைத் துரத்தினார்கள் என்று காட்டினார்.

அறைக் காட்சியை முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை ப்ரீரின் கைகளை மட்டும் பாருங்கள். மௌனப் படங்களில் ஆபத்தில் இருக்கும் பெண் நெற்றியில் புறங்கை வைத்துச் சரிவது வழக்கம். இவர் சரிவதில்லை, தள்ளுகிறார், பிடுங்கிக்கொள்கிறார், மறுபடி எழுகிறார். பலம் குறைந்துகொண்டே வருவது தோளில் தெரிகிறது. படத்தின் முற்பகுதியில் பள்ளி நிர்வாகியின் கவலையைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த அதே பெண்தான் இவள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் நடிப்பின் அளவு புரியும். அப்போது அவருக்கு வயது 23.

தணிக்கையில் என்ன நடந்தது?

1919 ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 3 வரை சிகாகோவில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் இறந்தனர். அந்தச் சூடு ஆறுவதற்குள் படம் தணிக்கைக் குழுவிடம் போனது. தூக்கிலிடும் காட்சி மீண்டும் கலவரத்தைக் கிளப்பும் என்று முதலில் மறுத்தார்கள். பின்னர் இழுபறிக்குப் பிறகு அனுமதி கிடைத்து, 1920 ஜனவரி 12 அன்று வென்டோம் அரங்கில் வெளியானது. நியூ ஆர்லியன்ஸில் போலீஸ் தலையிட்டு நிறுத்தியது.

சிகாகோவில் வெட்டிய 1,200 அடியைத் திரும்பச் சேர்த்திருக்கிறோம் என்று பின்னால் விளம்பரம் வந்தது. அக்காலத்தில் வெட்டு என்றால் கத்தரியால் பிரதியையே வெட்டுவது. ஓர் ஊரில் ஓடிய படமும் அடுத்த ஊரில் ஓடிய படமும் ஒன்றல்ல. ஆகவே ஓர் ஊர் விமர்சனத்தை ஆதாரம் காட்டும்போது ஊரையும் தேதியையும் சேர்த்தே குறியுங்கள்.

இன்று பார்க்கும் பிரதி எங்கிருந்து வந்தது? அதை எவ்வளவு நம்பலாம்?

ஸ்பெயினின் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஒரு பிரதி கிடந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைக் கொண்டு 1993இல் மறுசீரமைத்தது. ஓடும் நேரம் 79 நிமிடம். நடுவில் ஒரு சிறு பகுதி இல்லை. அங்கே சுருக்க அட்டை வரும்.

நடிகர்களின் முகபாவம், அசைவு ஆகியவற்றுக்கு இந்தப் பிரதியைத் தாராளமாக நம்பலாம். எழுத்தட்டைகளில் கவனம் தேவை. ஆங்கில மூல அட்டைகளில் நான்குதான் மிஞ்சின. மற்றவை ஸ்பானியத்திலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தவை. ஓர் உதாரணம்: சில்வியா ஆர்மண்டுக்கு ‘முறையான’ திருமணத்தில் பிறந்த மகள் என்று ஓர் அட்டை சொல்கிறது. அந்தக் காலத் தெற்கு மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் திருமணம் சட்டப்படி தடை. வன்முறையைச் சொல்லவந்த காட்சியில் அந்தச் சொல் உறுத்துகிறது. மொழிபெயர்ப்பில் நுழைந்ததா, தணிக்கைக்குப் பயந்து சேர்த்ததா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த ஒற்றைச் சொல்லின் மேல் ஒரு கட்டுரையையே கட்டிவிட வேண்டாம்.

ஒரே மௌனப் படத்துக்கு ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு ஓடும் நேரம் போட்டிருக்கிறதே?

வேகம்தான் காரணம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள், அதாவது தனித்தனிப் பிம்பங்கள். முழு ரீல் 1,000 அடி, அதாவது 16,000 கட்டங்கள். வினாடிக்கு 16 கட்டம் என்று ஓட்டினால் ஒரு ரீல் 16 நிமிடம் 40 வினாடி. 18 என்றால் 14 நிமிடம் 49 வினாடி. 20 என்றால் 13 நிமிடம் 20 வினாடி. பேசும் படத்தின் 24 என்றால் 11 நிமிடம் 7 வினாடி.

இதை எட்டு ரீல் ‘தி ஹோம்ஸ்டெட’ருக்குப் போட்டுப் பாருங்கள்: 133 நிமிடத்திலிருந்து 89 நிமிடம் வரை எதுவும் வரலாம். எட்டு ரீலும் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதனால் பழைய படத்துக்கு நிமிடக் கணக்கைவிட ரீல் அல்லது அடிக் கணக்கு நம்பகமானது. மேலே சொன்ன 1,200 அடி, வினாடிக்கு 18 கட்ட வேகத்தில் ஏறக்குறைய 18 நிமிடம். வெட்டு எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிகிறதா?

எங்கள் சங்கத்தில் திரையிட விரும்புகிறோம். என்ன செய்ய வேண்டும்?

படம் இப்போது பொது உடைமை. ஆனால் மறுசீரமைப்புப் பதிப்புகளுடன் வரும் இசைக்குத் தனி உரிமை உண்டு. கினோ லார்பர் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கறுப்பின முன்னோடிப் படத் தொகுப்பிலும் இது இருக்கிறது. அதன் இசையோடு பொதுவில் திரையிட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஒலியை அணைத்துவிட்டு, ஒரு கீபோர்டோ வயலினோ வைத்து நேரடியாக வாசிக்கலாம். தூக்கிலிடும் காட்சியில் இசையை ஏற்றாதீர்கள், நிறுத்திவிடுங்கள். அந்த மௌனத்தைப் பார்வையாளர்கள் தாங்குவார்கள்.

படத்தின் வடிவம் 4:3. டிவியோ புரொஜெக்டரோ அகலத்தை நிரப்பும் நிலையில் இருந்தால் நெற்றியும் எழுத்தட்டையின் மேல்வரியும் வெட்டுப்படும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதே சரி. அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகங்கள் மெழுகுபோல வழுக்கும்.

ஆங்கில அட்டைகளைத் தமிழில் வாசிக்க ஒருவர் வேண்டும். மௌனப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர் செய்த வேலைதான். எல்லா அட்டைகளையும் முன்பே எண்ணிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில வாசிப்புக்கு அளந்துவைத்த நேரத்தில் தமிழ் வாக்கியம் முடியாது. எனவே ஓர் அட்டைக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகாமல் சுருக்குங்கள். கடிதம், செய்தித்தாள் போன்ற நீண்ட அட்டைகளில் மட்டும் படத்தை நிறுத்திக்கொள்ளலாம். வாசிப்பவரின் கைவிளக்குத் திரையை நோக்கி இருக்கக் கூடாது. நிறுத்தங்களோடு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கும்பல் கொலையும் பாலியல் வன்முறை முயற்சியும் வருகின்றன என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அவரைப் பற்றி எழுதும்போது அடிக்கடி நேரும் தவறுகள்?

முதல் குழப்பம் மறு ஆக்கங்களால் வருவது. மிஷோ தன் மௌனப் படக் கதைகளைப் பேசும் படமாகத் திரும்ப எடுத்தார். ‘பர்த்ரைட்’ 1930களின் இறுதியில் மறுபடி வந்தது. ‘தி ஸ்பைடர்ஸ் வெப்’ கதை 1932இல் ‘தி கேர்ள் ஃப்ரம் சிகாகோ’ ஆனது. ‘தி கன்சாலஸ் மிஸ்ட்ரி’ கதை 1935இல் மறுபடி வந்தது. இவை எதிலும் ப்ரீர் இல்லை. பிந்தைய படத்தின் காட்சியை வெட்டி அவர் படம் என்று போடுவது பரவலாக நடக்கிறது.

அடுத்து, கிடைக்கும் மற்ற இரண்டு மிஷோ மௌனப் படங்கள். ‘தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்’ (1920) படத்தில் நாயகி ஐரிஸ் ஹால். பால் ராப்சன் நடித்த ‘பாடி அண்ட் சோல்’ (1925) படத்திலும் ப்ரீர் கிடையாது.

பெயரும் தொல்லை தரும். இசைத்தட்டுகளைத் தேடும்போது ஈவ்லின் தாம்சன் என்றும் தேட வேண்டும். 1924இல் நடிகர் எட்வர்ட் தாம்சனை மணந்திருந்தார்.

படங்களுக்கு இடையில் எப்படிப் பிழைத்தார்?

மேடைதான் சோறு போட்டது. 1915இல் அனிதா புஷ் தொடங்கிய குழுவிலிருந்து வளர்ந்தது லஃபாயெட் பிளேயர்ஸ். ப்ரீர் அதில் 1920இல் சேர்ந்தார். கறுப்பின நடிகர்கள் ஆட்டம் பாட்டம் மட்டுமல்லாமல் முழு நாடகமும் நடிக்க முடியும் என்று நிறுவிய குழு அது. வாரத்துக்கொரு நாடகம், இரவு ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும்.

1923 மே மாதம் எத்தியோப்பியன் ஆர்ட் பிளேயர்ஸ் குழுவோடு நியூயார்க்கின் முதன்மை நாடக அரங்குகளான பிராட்வேயில் ஆஸ்கர் வைல்டின் ‘சலோமி’ நாடகத்தின் நாயகியாக நடித்தார். அதே நிகழ்ச்சியில் வில்லிஸ் ரிச்சர்ட்சன் எழுதிய ஓரங்க நாடகமும் மேடையேறியது. பிராட்வே ஏறிய, கறுப்பினத்தவர் எழுதிய முதல் தீவிர நாடகம் அதுவே. 1926இல் ‘லூலு பெல்’ நாடகத்தில் நடந்தது வேறு கதை. கறுப்பினப் பெண்ணான நாயகி வேடத்தை வெள்ளை நடிகை லெனோர் உல்ரிக் முகத்தில் நிறம் பூசி நடித்தார். ப்ரீருக்குக் கிடைத்தது அவருக்கு மாற்று ஆளாக இருக்கும் வேலை. 1928இல் லாஸ் ஏஞ்சலிஸ் லிங்கன் அரங்கில் ‘ரெயின்’ நாடகத்தின் சேடி தாம்சன் வேடம் முழுக்க அவருடையதானது.

அவர் குரலைக் கேட்க முடியுமா?

முடியும். அல் கிறிஸ்டி 1929இல் தயாரித்த ‘மெலன்கோலி டேம்’ என்ற பேசும் குறும்படம் கிடைக்கிறது. ஆக்டேவஸ் ராய் கோஹன் என்ற வெள்ளை எழுத்தாளரின் கதை. கறுப்பினத்தவர் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவர் கற்பனை செய்த கொச்சையில் வசனம். சலோமி நடித்த ஒருவர் அந்த வசனத்தைப் பேசுவதைக் கேட்க வருத்தமாக இருக்கும். வசனத்தை விட்டுவிட்டு நிறுத்தத்தையும் பார்வையையும் கவனியுங்கள். நகைச்சுவையில் அவர் கை எவ்வளவு துல்லியம் என்பது தெரியும். பாட்டுக்கு 1920களின் இறுதி இசைத்தட்டுகள் உள்ளன. டியூக் எலிங்டன், ரெட் நிக்கல்ஸ் ஆகியோரின் குழுக்களோடும் பாடியிருக்கிறார். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அக்காலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான்.

ஹாலிவுட் அவருக்குத் தந்தது சிறு வேடங்கள்: ‘லேடீஸ் ஆஃப் தி பிக் ஹவுஸ்’ (1931), மார்லின் டீட்ரிச் நடித்த ‘பிளாண்ட் வீனஸ்’ (1932).

எப்படி இறந்தார்?

1932 ஏப்ரலில் மகள் பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் உடல் தேறவில்லை. இரு நுரையீரலிலும் நிமோனியா தாக்கி நவம்பர் 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 36. லஃபாயெட் பிளேயர்ஸும் அந்த ஆண்டோடு கலைந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து கத்தோலிக்கத் துறவியாகி, சகோதரி ஃபிரான்செஸ்கா தாம்சன் என்ற பெயரில் பேராசிரியரானார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் லஃபாயெட் பிளேயர்ஸ். தாயோடு மேடையேறியவர்களில் அப்போது உயிரோடிருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசி அவர் எழுதிவைத்ததால்தான், அந்த மேடை பற்றி இன்று இவ்வளவாவது சொல்ல முடிகிறது.